ஓர் உழக்கு ஹவுஸ்ஹோல்ட்

எங்கள் ஊரில் ஜனத்தொகைக் கணக்கெடுப்புக்கு நாற்பது நாள் முன்னால் ஆளுக்கு ஓர் ஆங்கில வார்த்தை தபாலில் வரும். அதைப் படித்து வைத்திருக்க வேண்டும். கணக்கெடுக்க வருகிற டீச்சர் வயது கேட்பதில்லை, தொழில் கேட்பதில்லை. அவரவர் வார்த்தையைப் பிசகாமல் சொன்னால் எழுதிக்கொள்வார். சொல்ல முடியாதவர்களைத் தெருமுனையில் நிற்கும் வேனில் ஏற்றிச் சமுதாயக் கூடத்துக்குக் கொண்டுபோவார்கள். அடுத்த கணக்கெடுப்பு வரும்வரை, பத்து வருடம், அங்கேதான் இருக்க வேண்டும். சாப்பாட்டுக்குக் குறையில்லை என்கிறார்கள். மின்விசிறிகூட இருக்கிறதாம். அப்படிச் சொன்னவர்கள் யாரும் உள்ளே போய்ப் பார்த்தவர்கள் இல்லை என்பதை நான் கவனித்து வைத்திருக்கிறேன்.

எனக்கு வந்த வார்த்தை ஹவுஸ்ஹோல்ட். கூடவே ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் அர்த்தம் இருந்தது: ஒரே அடுப்பில் சமைத்ததைச் சாப்பிடுகிறவர்கள். நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். ஆங்கிலத்தில் என் பெயரின் முதல் எழுத்துவரைக்கும்தான் போயிருக்கிறேன். போன தடவை எனக்கு ஃபீமேல் என்று லேசான வார்த்தையாகக் கொடுத்திருந்தார்கள். இந்தத் தடவை ஏன் இவ்வளவு கனமாக வந்தது என்று இரண்டு நாள் யோசித்தேன். யாரோ என்னைச் சமுதாயக் கூடத்துக்கு அனுப்பப் பார்க்கிறார்கள் என்று தோன்றியது. யார் என்று மட்டும் தெரியவில்லை.

என் வீட்டுக்காரருக்கும் அன்றைக்கே கவர் வந்தது. அவர் அதைச் சுவர் பக்கம் திரும்பி நின்று படித்தார். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வார்த்தையை யாரிடமும் சொல்லக் கூடாது என்பது விதி. புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது எங்கள் தெருவில் வழக்கம். அவர் வழக்கத்தை விட்டுவிட்டு விதியைப் பிடித்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் எந்த விதியையும் பிடித்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

வார்த்தையைத் திறந்தவெளியில் சொல்லிப் படிக்கக் கூடாது. போகிறவர் வருகிறவர்மேல் ஒட்டிக்கொண்டு போய்விடும். மூடி உள்ள எதற்குள்ளாவது சொல்லி அங்கேயே வைத்திருந்து, கணக்கெடுப்பு அன்று காலையில் எடுத்துக்கொள்ள வேண்டும். எதிர்வீட்டுத் தையல்காரர் தையல் மிஷின் பெட்டிக்குள் சொல்வார். நான் அரிசி டிரம்முக்குள் சொன்னேன். காலையில் எழுந்ததும் மூடியைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, மூன்று தடவை ஹவுஸ்ஹோல்ட் என்று சொல்லிவிட்டு மூடிவிடுவேன். வார்த்தை மேல் அரிசியில்தான் நிற்கும். அதனால் சமைப்பதற்கு மேல் அரிசியை ஒதுக்கிவிட்டு அடியிலிருந்துதான் எடுப்பேன்.

என் வீட்டுக்காரர் அவருடைய ஸ்கூட்டரின் பக்கவாட்டுப் பெட்டிக்குள் சொன்னார். பஸ் ஸ்டாண்டில் அவர் டைம் கீப்பர். வேலைக்குக் கிளம்புமுன் ஸ்கூட்டர் பக்கத்தில் குந்துவார். பெட்டியை ஒரு விரல் அளவுக்குத் திறந்து, சொல்லி, மூடிப் பூட்டிவிடுவார். நான் ஜன்னலில் நின்று பார்ப்பேன். உதடு அசைவது தெரியும். மீசை மறைத்துவிடும்.

அந்த நாட்களில் அவர் என்னிடம் புதிதாகச் சில விஷயங்கள் கேட்டார். கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது. காஸ் தீர்ந்தால் எந்த நம்பருக்குப் போன் செய்ய வேண்டும். ரசத்துக்குப் புளி எவ்வளவு. என்மேல் அக்கறை வந்துவிட்டது என்று அரை நாள் நினைத்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை, பக்கத்து வீட்டு ஜெயக்கொடி உழக்கோடு வந்தாள். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர்தான். அவள் புருஷன் பால்துரை டயர் கடை வைத்திருக்கிறார். இரண்டு பெண் பிள்ளைகள். மொத்தம் நாலு பேர். திங்கட்கிழமைதான் இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை அவர்கள் வீட்டில் இறங்கியதைப் பார்த்திருந்தேன்.

"யக்கா, ஒரு உழக்கு அரிசி தாங்க. நாளைக்குத் தந்துருதேன்" என்றாள்.

அரிசி கேட்டு வந்தால் எங்கள் தெருவில் யாரும் இல்லை என்று சொல்வதில்லை. டிரம்மைத் திறந்தேன். மூட்டை அரிசி மூன்று நாளில் எங்கே போயிருக்கும் என்று அவள் முகத்தைப் பார்த்தபடியே அள்ளினேன். கையைப் பார்க்கவில்லை. மேல் அரிசியிலிருந்து கோபுரமாக ஓர் உழக்கு அள்ளிக் கொடுத்துவிட்டேன். அவள் உழக்கின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு போனாள். பச்சரிசியைப் பொத்திக்கொண்டு போக என்ன இருக்கிறது என்று அவள் படியிறங்கிய பிறகுதான் யோசித்தேன்.

மறுநாள் காலை டிரம்முக்குள் தலையை விட்டு வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அரிசியைக் கிளறினேன். அடிவரைக்கும் வெறும் அரிசியாக இருந்தது. அதே நேரம் சுவருக்கு அந்தப் பக்கம், பாத்திரம் தேய்க்கிற சத்தத்துக்கு நடுவில், ஜெயக்கொடியின் சின்ன மகள் என் வார்த்தையைச் சொன்னாள். நான் சொல்வதைவிட நன்றாகவே சொன்னாள். இரண்டு தடவை சோறு வாங்கியிருப்பாள்.

நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜெயக்கொடி உட்காரச் சொன்னாள், காப்பி குடிக்கச் சொன்னாள். என் அரிசியைத் திருப்பிக் கேட்டேன்.

"நேத்தே ஆக்கித் தின்னாச்சேக்கா. இந்தாங்க, வேற அரிசி."

உழக்கில் அளந்து தயாராக வைத்திருந்தாள். நல்ல அரிசிதான். அதில் எதுவும் இல்லை.

"என் அரிசியில ஒரு சாமான் இருந்துச்சு" என்றேன்.

"அதான் அவ்வளவு ருசியா இருந்துச்சா" என்றாள்.

அவள் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது. திரும்பும்போது அடுப்பு மேடையைப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த தட்டுகள் ஐந்து இருந்தன.

மாற்று வார்த்தை வாங்கக் கணக்கெடுப்பு ஆபீசுக்குப் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். "தொலஞ்சதுக்கு மாத்து உண்டும்மா. தின்னதுக்குக் கிடையாது" என்றார். யார் தின்றது என்று விசாரித்து நாலு பெயரையும் எழுதிக்கொண்டார். அவர்கள் வீட்டில் காஸ் அடுப்பா விறகு அடுப்பா என்று கேட்டார். காஸ் என்றேன். எத்தனை பர்னர் என்று கேட்டார். இரண்டு என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். என் வீட்டு அடுப்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வரும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்காரர் குளிக்கப் போன நேரத்தில் சாவியை எடுத்து ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தேன். ஒரு விரல் அளவுக்குத்தான். வார்த்தை வெளியே வரவில்லை. துடைக்கிற துணிக்கும் ஸ்பேனருக்கும் நடுவில் இருந்தபடியே என் காதில் சொன்னது. விடோவர்.

ரேஷன் கடைச் சுவரில் எல்லா வார்த்தைகளுக்கும் அர்த்தப் பட்டியல் ஒட்டியிருக்கிறது. மண்ணெண்ணெய்க் கறை பட்ட மூலையில் அது இருந்தது. விடோவர்: மனைவியை இழந்தவர்.

அங்கேயே நின்று நாள்களை எண்ணிப் பார்த்தேன். என் வார்த்தை போனது வியாழக்கிழமை. அவருக்கு இந்த வார்த்தை வந்தது அதற்கு மூன்று வாரத்துக்கு முன்னால். நான் அரிசியை அள்ளுவதற்கு மூன்று வாரம் முன்பே யாரோ ஒருவர், எங்கோ உட்கார்ந்து, நான் மேல் அரிசியைத்தான் அள்ளுவேன் என்று தெரிந்து கவர் ஒட்டியிருக்கிறார். என் வீட்டுக்காரர் கடுகு டப்பாவைக் கேட்டது அதற்குப் பிறகுதான்.

மத்தியானம் சோறு போடும்போது அவருடைய வார்த்தை என்ன என்று கேட்டேன்.

"அதெல்லாம் சொல்லப்படாது."

"எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா எதுக்குக் கேக்க?"

அவர் இரண்டாவது தடவை ரசம் ஊற்றிக்கொண்டார். தானே ஊற்றிக்கொண்டார். கரண்டி எங்கே இருக்கும் என்று தேடவில்லை.

மீதி நாட்களில் நான் மூட்டை கட்டினேன். நாலு சேலை, ஒரு போர்வை, மூக்குக் கண்ணாடி. சமுதாயக் கூடத்தில் கொசு இருக்கும் என்று பழைய வலையையும் மடித்து வைத்தேன். பத்து வருடம் கழித்து வெளியே வரும்போது எனக்கு ஐம்பத்தெட்டு ஆகியிருக்கும். அப்போதும் ஒரு வார்த்தை வரும். அதையும் யாராவது தின்றுவிடலாம்.

கணக்கெடுப்பு அன்று டீச்சர் பத்து மணிக்கு வந்தார். தெருமுனையில் வேன் நின்றது. என் வீட்டுக்காரர் குளித்து, திருநீறு பூசி, ஸ்கூட்டர் பெட்டியிலிருந்து வார்த்தையை எடுத்து வைத்திருந்தார். டீச்சர், "சங்கரபாண்டி" என்று கூப்பிட்டார். அவர் "விடோவர்" என்றார். பிசகே இல்லை. டீச்சர் எழுதிக்கொண்டு, "தவமணி" என்று என்னைக் கூப்பிட்டார். நான் வாயைத் திறந்தேன். டீச்சர் ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் காத்திருந்தார். பிறகு நான் வாயை மூடிக்கொள்ளலாம் என்று கையைக் காட்டினார். மூட்டையை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கச் சொன்னார்.

நான் வாசலில் நின்றேன். டீச்சர் அடுத்த வீட்டுக்குப் போனார். ஜெயக்கொடி வீட்டில் நாலு பேரும் அவரவர் வார்த்தையைச் சொல்லி முடித்தார்கள். டீச்சர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

"இந்த வீட்டுக்கு அஞ்சு" என்றார்.

அப்போது நாலு பேரும் சேர்ந்து ஹவுஸ்ஹோல்ட் என்றார்கள். சுவரில் பட்டு என்வரைக்கும் வந்தது. யாருடைய வார்த்தை என்று டீச்சர் கேட்டார். எங்களுடையதுதான் என்று ஜெயக்கொடி சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் அது அவளுடையதாகியிருக்கும். வேன்காரர் என் மூட்டையை வாங்கக் கையை நீட்டியிருந்தார்.

"தவமணியக்கா வீட்டு அரிசி டீச்சர்" என்றாள் ஜெயக்கொடி. "நாங்கதான் தின்னோம்."

டீச்சர் விதிப் புத்தகத்தைப் பார்த்தார். வார்த்தை எங்கே இருக்கிறதோ ஆளும் அங்கேதான் இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. என்னை அந்த வீட்டில் ஐந்தாவதாக எழுதினார். வேன் காலியாகத் திரும்பிப் போனது. நான் என் மூட்டையையும் அரிசி டிரம்மையும் எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனேன். டிரம்மின் ஒரு பக்கத்தை என் வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். படிவரைக்கும்தான் பிடித்தார்.

அன்று சோறு போடும்போது ஜெயக்கொடி சொன்னாள். "எங்க வீட்டுக்கு அஞ்சு கவர் வந்துச்சுக்கா. ஒண்ணுல பேரும் இல்ல, வார்த்தையும் இல்ல. யாரோ வரப்போறாகன்னு தெரிஞ்சிருச்சு. யாருன்னு தெரியல. நீங்களா இருந்தா நல்லா இருக்கும்னு அரிசி கேட்டு வந்தேன்."

நான் ஐந்தாவது தட்டில் சாப்பிட்டேன். அவள் சொன்னதில் எவ்வளவு நிஜம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அதனால் டிரம்மை நான் படுக்கிற பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன்.

சங்கரபாண்டி வீட்டில் இப்போது டிரம் இல்லை. அதனால் வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் எங்களிடம் ஓர் உழக்கு அரிசி கடன் கேட்டு வருகிறார். படியில் ஏறுவதில்லை. என்னை "வீட்டம்மா" என்று கூப்பிடுகிறார். அடியிலிருந்து எடுத்துக் கொடுப்பேன். போன மாதம்வரை அவர் எதையும் திருப்பிக் கொடுக்கவில்லை. போன வெள்ளிக்கிழமை கொடுத்தார். ரேஷன் கடையில் வாங்கி, ஸ்கூட்டர் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். வாங்கி முகர்ந்து பார்த்தேன். கிரீஸ் வாசனை அடித்தது. அதற்கு அடியில் வேறொன்றும் இருந்தது. ஜெயக்கொடி உலை கொதிக்கிறது என்றாள். கழுவிப் போட்டேன்.

மற்றவர்கள் சாப்பிட்ட பிறகுதான் அவளும் நானும் சாப்பிடுவோம். பிள்ளைகள் இரண்டு பேரும் இரண்டு வாய் தின்றதும் விடோவர் என்றார்கள். அது அவர்களுக்குப் பொருந்தவில்லை, சிரித்துவிட்டுத் துப்பிவிட்டார்கள். பால்துரை துப்பவில்லை. மெதுவாக மென்றார், விழுங்கினார், "விடோவர்" என்றார். பிசகே இல்லை.

ஜெயக்கொடி தன் தட்டைக் கழுவி, துடைத்து, முந்தானையில் சுற்றிக்கொண்டாள். பிறகு என்னை அடுக்களைக்குக் கூட்டிப்போய்க் கடுகு எந்த டப்பாவில் இருக்கிறது என்று காட்டினாள்.