இரண்டு கையும் புத்தகத்தில்

எல்லாவற்றையும் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்பது எனக்கே சந்தேகம். அந்தப் புத்தகத்தின் யானை பேருந்தில் ஏறியதா, லாரியில் ஏறியதா என்று கேட்டால் தடுமாறிப் போவேன். பேருந்து என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் தறிக்காரர் அந்த மூன்று மாதம் பட்ட தவிப்பில் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

அவருக்கும் மனைவிக்கும் ஒரே ஆலையில் வேலை. இருநூறு விசைத்தறிகள் ஒரே கூரையின்கீழ் ஓடும் இடம் அது. தோளுரசி நிற்பவர் பேசினாலும் கேட்காது. அதனால் எல்லாம் கைப்பேச்சுதான். இரண்டு விரலைச் சேர்த்துப் பிரித்தால் நூல் அறுந்தது. உள்ளங்கையைக் கவிழ்த்தால் தறியை நிறுத்து. கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் தேநீர். அவசரம் என்றால் காதருகே வாயை வைத்துக் கத்த வேண்டும். பத்து வருஷத்தில் அந்தப் பழக்கம் அவர்களோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. தறிக்காரர் இயல்பிலேயே வாயைத் திறக்க யோசிப்பவர் வேறு. மனைவி மூன்று வார்த்தை சொன்னால் அவர் ஒரு விரலை அசைப்பார். அந்த வீட்டில் சண்டைகூடச் சத்தமில்லாமல்தான் நடக்கும்.

மகளுக்கு மூன்று வயது நெருங்கியது. தம்மாத்துண்டு உருவம், அதனால் குண்டூசி என்று கூப்பிட்டார்கள். சொன்னதெல்லாம் அவளுக்குப் புரிந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. "அம்மா", "தா", "ம்ஹும்" என்பதோடு சரி. பொம்மை உடைந்தால் இரண்டு விரலைப் பிரித்துக் காட்டுவாள்.

சுகாதார நிலையத்து நர்சம்மா அவள் காதைச் சோதித்துவிட்டு, குறையில்லை என்று சொல்லி ஒரு படப் புத்தகத்தைக் கொடுத்தார்.

"தெனம் பத்து நிமிஷம் மடியில உக்கார வச்சுப் படிங்க. நடுவுல கேள்வி கேளுங்க, அவ பதில் சொல்ல நேரம் குடுங்க. மூணு மாசம் கழிச்சுப் பாப்போம். அப்பவும் இப்படியே இருந்தா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்."

திரும்பும் வழியெல்லாம் தறிக்காரர் குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தார். தன் மௌனம்தான் இவளுக்கும் ஒட்டிக்கொண்டதோ என்ற நினைப்பு நெஞ்சுக்குள் முள்ளாக உட்கார்ந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற ஆளா அவர்?

மறுநாள் வேலை முடிந்ததும் குழந்தையை மடியில் உட்கார வைத்தார். அவருக்குத் தெரிந்த பேச்சு இரண்டே வகை, ஒன்று கை, இன்னொன்று கத்தல். கையால் படிக்க முடியாதே.

"யானை! பஸ்ஸுக்காக! நின்னுது!"

குண்டூசி கட்டிலுக்கடியில் பாய்ந்தாள். அடுத்த அறையில் சவரம் செய்துகொண்டிருந்த மச்சான், அதாவது மனைவியின் தம்பி, கன்னத்து நுரையோடு ஓடிவந்தான்.

"என்ன மாமா, ஆலையில தீப்பிடிச்சிருச்சா?"

"கதை படிக்கிறேன்டா."

"நல்லாப் படிச்சீங்க போங்க. அந்த யானைக்கே காது கிழிஞ்சிருக்கும்."

குரலைத் தாழ்த்தப் பழகவே ஒரு வாரம் ஆனது. யானை உட்கார்ந்ததும் பேருந்து இருக்கை முறியும் பக்கம் வந்தால் குண்டூசி சிரித்துக்கொண்டே இரண்டு விரலைப் பிரிப்பாள். அவரும் மகிழ்ந்துபோய் இரண்டு விரலைப் பிரிப்பார். அவள் மறுபடி, இவர் மறுபடி. பாத்திரம் கழுவிய ஈரக் கையோடு மனைவி வந்து நின்றாள்.

"ஏங்க, அப்பனும் மகளும் பத்து நிமிஷமாப் படிக்கிறீங்க, ஒரு சத்தத்தைக் காணோம். உங்க கையைக் கட்டிப்போட்டாத்தான் உருப்படும்போல."

கேலிக்குத்தான் சொன்னாள். ஆனால் அது அவருக்குச் சுருக்கென்றது. தான் விரலிலேயே பதில் கொடுத்துவிட்டால் பிள்ளை எதற்காக வாயைத் திறக்க வேண்டும்?

மறுநாள் முதல் இரண்டு கையாலும் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார். என்ன வந்தாலும் விடுவதில்லை. குழந்தையின் விரலை அவர் தடுக்கவில்லை. அவள் விரலால் சொன்னதை அவர் வாயால் திருப்பிச் சொன்னார்.

"ஆமா, சீட்டு ஒடஞ்சு போச்சு. யானை குண்டுல்ல?"

அந்த அறையில் தன் குரல் அவருக்கே விருந்தாளியின் குரல் போலிருந்தது. பிறகு, "இப்ப என்ன ஆச்சு?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருப்பார். அது மட்டும் அவருக்குக் கைவந்த கலை. ஒற்றை இழையின்மேல் கண் வைத்து ஒரு மணி நேரம் நிற்கிறவருக்கு ஒரு குழந்தையின் வாயைப் பார்த்துக் காத்திருப்பது பாரமாகவே இல்லை. மின்விசிறி சுற்றும். தெருவில் சைக்கிள் மணி கேட்கும். அவர் அசையமாட்டார்.

நான்காவது வாரம் ஒருநாள் குண்டூசி விரலைப் பிரித்துக் காட்டினாள். புத்தகத்தை விடாத அவர் கைகளைப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஒடஞ்சு," என்றாள்.

தூக்கி முத்தமிட வேண்டும் போலிருந்தது. அடக்கிக்கொண்டு, "ஆமா, சீட்டு ஒடஞ்சு போச்சு," என்றார். இரண்டு நாளில் அவள் "சீட்டு ஒடஞ்சு" என்றாள். அதற்கடுத்த வாரம் யானையைத் திட்டவும் ஆரம்பித்தாள்.

மூன்று மாதம் முடிந்தது. நர்சம்மா மேசைமேல் பெரிய ஆஸ்பத்திரிக்கான படிவத்தைத் தயாராக வைத்துக்கொண்டு வேறொரு புத்தகத்தைத் திறந்தார். மரக்கிளையில் ஒரு பூனை.

"இங்க என்ன ஆச்சு, பாப்பா?"

குண்டூசி வாயே திறக்கவில்லை. நர்சம்மாவின் கண் படிவத்தின் பக்கம் போனது. மனைவி தாங்கமாட்டாமல், "பூ..." என்று எடுத்துக்கொடுக்கப் போனாள். தறிக்காரர் அவள் மணிக்கட்டை மெல்லத் தொட்டார். அவர் காத்திருந்தார்.

"பூனை மேல போயிருச்சு," என்றாள் குண்டூசி. "எறங்கத் தெரியல. அதோட அப்பா எங்க?"

"எனக்குத் தெரியலையேடி," என்று சிரித்தபடி நர்சம்மா படிவத்தை இழுப்பறைக்குள் போட்டார். மூவரும் வீட்டுக்கு நடந்தே திரும்பினார்கள். வழிநெடுக ஒருத்தி மட்டும் பேசினாள்.

நர்சம்மா மறுவருஷம் வேறு நிலையத்துக்கு மாற்றலாகிப் போனார். மச்சான் கல்யாணம் முடித்துத் தனிக்குடித்தனம் போய்விட்டான், இரண்டு பிள்ளைகள். மனைவி ஆலையில் மேற்பார்வையாளர் ஆனாள். தறிக்காரருக்குக் காது கொஞ்சம் மந்தமாகிவிட்டதால் நூல் கிடங்குக்கு மாற்றினார்கள், இப்போதும் அங்கேதான் இருக்கிறார். குண்டூசி ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். வகுப்பில் ஓயாமல் பேசியதற்காக இந்த வருஷம் இரண்டு முறை வெளியே நிறுத்தப்பட்டாள்.