பதினோராம் வகுப்பு விருந்தாளிகள்

சூலூரைத் தாண்டியுள்ள ஒரு மெட்ரிக் பள்ளியின் வாசலில், ஜூலை மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றில், இறந்துபோனவர்கள் வந்து நின்றார்கள். முந்தைய வெள்ளியன்று காலைப் பிரேயரில் செய்தி வாசிக்க வேண்டிய பதினோராம் வகுப்பு நந்திதா, ருவாண்டாவில் தேவாலயத்துக்குள் ஒளிந்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை வாசித்துவிட்டாள். அவர்கள்தான் வந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டிருப்பார்கள் போல, வேறு காலங்களில் அதேபோலக் கொல்லப்பட்ட கம்போடியர்களும் ஆர்மீனியர்களும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் அழைக்காததால் உள்ளே வரவில்லை. வேன் டிரைவர்கள் ஹாரன் அடிக்காமல் சுற்றிப்போகப் பழகிக்கொண்டார்கள்.

ஒரு இனத்தையே கொன்று தீர்ப்பது எப்படித் தொடங்குகிறது என்று சொல்லித்தர வாரம் ஒரு பீரியட் வேண்டுமென நந்திதாவும் அவள் தோழி அஃப்ஷீனும் ஒரு வருடமாகக் கேட்டுவந்தார்கள். அடுத்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பு. அங்கே மூச்சுவிடவே பீரியட் கிடையாது. தாளாளர் தம்பிதுரை மறுக்கவில்லை. மறுப்பது அவர் குடும்பத்தில் வழக்கமில்லை. “பார்க்கலாங்க அம்மணி. புள்ளைங்க பயந்துக்குமேன்னுதான்” என்பார்.

“ஒருக்கா முடியாதுன்னு சொன்னாருன்னா சண்டையாவது போடலாம்” என்றாள் அஃப்ஷீன்.

“சொல்ல மாட்டாருடி. டீ வேணா வாங்கிக் குடுப்பாரு.”

அந்தச் சண்டைக்காக நந்திதா ஒரு பேச்சைத் தயாரித்து வைத்திருந்தாள். கண்ணாடி முன் பேசிப்பார்த்தபோது தன் கோபம் தனக்கே அழகாகத் தெரிந்ததை அவள் கவனிக்காமல் இல்லை.

வாசலைத் தவிர்த்துப் பின்கேட் வழியாக வந்துகொண்டிருந்த தம்பிதுரை, வியாழனன்று அங்கே ஜல்லி கொட்டியிருந்ததால் முன்னால் இறங்கினார். இடுப்பில் குழந்தையோடு நின்ற பெண்ணைக் கண்டதும் பிறவிப் பழக்கம் அவரை முந்திக்கொண்டது. “வாங்க, வாங்க. ஏனுங்க வெயில்ல நிக்கறீங்க? உள்ள வாங்க.” பிறகுதான் நாக்கைக் கடித்தார். வாங்க என்று அழைத்த பிறகு போகச்சொல்லும் வார்த்தை கோவைப் பக்கத்தில் இதுவரை யாருக்கும் தெரியாது.

அவர்கள் பதினோராம் வகுப்பில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்கள். தண்ணீர் கொடுத்தாயிற்று. நந்திதா எழுந்து பேச்சைத் தொடங்கினாள். அதை எதிர்க்க அங்கே ஒருவரும் இல்லாததால் இரண்டாவது வரியில் நின்றுபோனாள். தம்பிதுரை, வழக்கமாக விருந்தாளியிடம் கேட்பதைக் கேட்டார்.

“எந்த ஊருங்க நீங்க?”

குழந்தைக்காரப் பெண் ஊரைச் சொன்னார்.

“கூட யாரும் வரலீங்களா?”

அதற்கு அவர் சொன்ன பதில் அந்தப் பீரியடையும் அடுத்ததையும் எடுத்துக்கொண்டது. எந்த மொழியில் சொன்னார் என்று யாருக்கும் நினைவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்களோடு பேசுவதை நிறுத்தியதிலிருந்துதான் தொடங்கியது என்றார். அடுத்து, கடைசி பெஞ்சிலிருந்தவர் முள்ளிவாய்க்கால் என்றபோது தம்பிதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “இவ்வளவு பக்கத்துலிருந்துங்களா” என்றார்.

வெளியே வந்து நந்திதாவிடம், “அடுத்த வாரமும் வரச்சொல்லிப்போட்டேன் கண்ணு. டைம்டேபிள்ல போட்டுக்குங்க” என்றார்.

கேட்ட பீரியட் நந்திதாவுக்குக் கிடைத்துவிட்டது. ஜெயிக்க ஆசைப்பட்ட அளவுக்கு அவர்கள் சொல்வதைக் கேட்க ஆசைப்பட்டோமா என்று யோசித்தாள். அடுத்த வியாழன் வந்தவர்களில் தன் வயதுப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றபோது, பெஞ்சில் நகர்ந்து இடம்விட்டாள்.

இப்போதெல்லாம் பதினோராம் வகுப்புக்குப் புது பெஞ்ச் செய்யச்சொன்னால், ஆசாரி ஓரடி நீளம் கூட்டியே செய்கிறார்.