ஒரே மேடையில் இரண்டு வழக்கு

மெர்டேக்கா, அதாவது மலாயாவுக்குச் சுதந்திரம், வரப்போகிறது என்று உறுதியானதும் மலாக்கா வக்கீல்கள் சங்கத்துக்கு மக்கள்மேல் திடீரென்று பாசம் பொங்கிவிட்டது. அதுவரை சங்கத்தின் பொதுத்தொண்டு என்பது ஆண்டுக்கொரு விருந்தும், மறுநாள் எல்லாரும் கோர்ட்டுக்குத் தாமதமாகப் போவதும்தான். தலைவர் ஹார்க்ரீவ்ஸ் துரை சீமைக்குக் கப்பலேறுமுன் நல்ல பெயர் எடுத்துவிட நினைத்தார். செயற்குழுவில் மலாய்க்காரர் ஒருவர், சீனர் ஒருவர், போர்த்துகீசிய வம்சத்தவர் ஒருவர், தமிழர் ஒருவர் என்று பழத்தட்டு அடுக்குகிற மாதிரி அடுக்கி, படம் எடுத்துக் கூடத்தில் மாட்டினார். படம் காய்வதற்குள் ஒரு தீர்மானமும் போட்டார்: குடியுரிமைச் சட்டத்தை ஒவ்வொரு சமூகத்துக்கும் அதனதன் தாய்மொழியில் சங்கமே நேரில் போய் விளக்கும்.

தட்டில் தமிழ்ப்பழம் ராஜரத்தினம். ஈப்போவில் பிறந்து, லண்டனில் படித்து, புக்கிட் பாருவில் பங்களா கட்டியவர். அவருக்கு ஒதுக்கப்பட்ட இடம் காஜா பெராங், செட்டிகள் வாழும் கம்பம், அதாவது குடியிருப்பு. செட்டி என்றால் செட்டியார், செட்டியார் என்றால் தமிழ் என்று சங்கம் கணக்குப் போட்டது. கணக்கு தப்பு என்பது குழுவில் போர்த்துகீசிய வம்சத்தவர் ஒருவருக்குத்தான் தெரியும். அவருக்கு அன்று பசி. கூட்டம் சீக்கிரம் முடியட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

"உங்கள் மக்கள் உங்களை எப்படி வரவேற்கிறார்கள் என்று பார்க்க நானும் வருகிறேன்" என்றார் துரை. "அடுத்த தலைவர் தன் சமூகத்தின் நம்பிக்கையைப் பெற்றவராக இருப்பது நல்லது இல்லையா?"

தலைவர் நாற்காலி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் ராஜரத்தினத்துக்குத் தெரிந்த தமிழ் சாப்பாட்டு மேசையைத் தாண்டாது. சோறு, ரசம், போதும், இன்னும் கொஞ்சம். பெரிய கிராணியாக, அதாவது தலைமைக் குமாஸ்தாவாக இருந்த அவருடைய அப்பா, வீட்டில் இங்கிலீஷ் தவிர வேறு மொழி பேசினால் பிரம்பை எடுப்பவர். இந்த ரகசியம் சங்கத்துக்குத் தெரியாது. விருந்துகளில் "என் தாய்மொழியின் தொன்மை" பற்றி நல்ல இங்கிலீஷில் அவர் முழங்கியிருக்கிறார்.

மனைவி பூங்காவனம் மூவாரில் தமிழ்ப் பள்ளியில் படித்தவள். வீட்டில் அவள்தான் குரு.

"எங்க சொல்லுங்க. குடியுரிமை."

"குடி. உரிமை."

"நிறுத்தாதீங்க. குடிக்கிறதுக்கு உரிமை வாங்கித் தர வந்திருக்கீங்கன்னு நெனச்சிக்குவாங்க."

"நிறுத்தாவிட்டால் மூச்சு வாங்குகிறதே."

"கோர்ட்டுல மணிக்கணக்கா மூச்சு விடாம பேசுறீங்களே, அது யாரோட மூச்சு?"

முகம் மழிக்கும்போதும் கார் ஓட்டும்போதும் அவர் பாடம் சொன்னார். பாதிக்குமேல் பொருள் தெரியாது. ஓசையாகவே மனத்தில் ஏற்றினார். கிண்டலடிக்கப் போகிற இருநூறு தமிழ் முகங்கள் கனவில் வந்தன. எல்லா முகங்களும் பூங்காவனத்தின் சாயலில் இருந்தன.

அந்த ஞாயிறு மாலை கோயிலையொட்டிய கொட்டகையில் கூட்டம் நிரம்பியிருந்தது. ஆண்கள் தலைப்பாகையும் பெண்கள் மலாய்ப் பெண்களைப் போலச் சாரோங் கெபாயாவும். உடையைப் பார்த்தாவது ராஜரத்தினம் யோசித்திருக்கலாம். அவரோ முதல் வாக்கியத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். கம்பத்துத் தலைவர் அப்பாசாமி பிள்ளை, சுங்க இலாகாவில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், துரைக்கும் ராஜரத்தினத்துக்கும் மாலை போட்டுவிட்டு முன்வரிசையில் போய் உட்கார்ந்தார். அவர் மடியில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை இருந்தது.

"பெருமதிப்பிற்குரிய பெரியோர்களே, தாய்மார்களே" என்று தொடங்கினார் ராஜரத்தினம். இரண்டாவது வாக்கியம் வந்தது. மூன்றாவது வரவில்லை. தொண்டையைச் செருமினார்.

அப்பாசாமி பிள்ளை கைக்குட்டையைத் தூக்கினார். கொட்டகை அதிரக் கைதட்டல்.

தட்டி ஓய்வதற்குள் மூன்றாவது வாக்கியம் ஞாபகம் வந்துவிட்டது. இப்படியே போயிற்று. அவர் எங்கே திக்கினாரோ அங்கே கைக்குட்டை எழுந்தது. "குடி" என்று சொல்லி மூச்சு வாங்கியபோது விழுந்த கைதட்டலில் கோயில் புறாக்கள் பறந்தன. ஹார்க்ரீவ்ஸ் துரை தாமும் தட்டினார். ராஜரத்தினமோ, கிண்டலுக்குத்தான் தட்டுகிறார்கள், கடைசியில் மொத்தமாகச் சிரிக்கப் போகிறார்கள் என்று நினைத்தார்.

உரையின் முக்கியமான இடம் வந்தது. மலாக்காவில் பிறந்து இங்கேயே வாழ்கிறவர்கள் எங்கும் போய் வரிசையில் நிற்க வேண்டாம், குடியுரிமை அவர்களுக்கு இருக்கிறது. பூங்காவனம் இதை எளிமையாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள்.

"உங்களுக்கு எல்லாம் தானா வரும்" என்றார். அழுத்தம் வேண்டுமே என்று "தானா... தானா" என்று இரண்டு தடவை சொன்னார். "பெயர்... பெயர் பதிய வேண்டாம்." பெயர் என்ற சொல் அவர் இங்கிலீஷ் நாக்கில் 'பாயர்' என்று வந்து விழுந்தது.

கைக்குட்டை எழும்பவில்லை. யாரும் தட்டவில்லை. கொட்டகையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. முகங்கள் வெளிறின. முடிந்தது கதை என்று நினைத்தார் ராஜரத்தினம். நாற்காலி கண்ணெதிரே காலை மடக்கிக்கொண்டு கிளம்பியது.

நடுவரிசையில் சீதா என்கிற அம்மாள் எழுந்தாள். கோயில் வாசலில் பலகாரம் விற்பவள். அப்பாசாமி பிள்ளை உட்காரச் சொல்லிக் கையசைத்ததை அவள் கண்டுகொள்ளவில்லை.

"துவான், தானா கித்தா கெனா பாயார் கா?" என்று கேட்டாள்.

நல்ல மலாய். ஐயா, எங்கள் நிலத்துக்கு நாங்கள் பணம் கட்ட வேண்டுமா என்கிறாள். மலாயில் தானா என்றால் நிலம், பாயார் என்றால் பணம் கட்டு. காஜா பெராங் செட்டிகள் பல தலைமுறைகளுக்கு முன் இங்கே வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வம்சம்; வீட்டில் பேசுவது மலாய். இவ்வளவு நேரம் விளங்காமல் கேட்டுக்கொண்டிருந்த கூட்டத்துக்கு அந்த உரையில் விளங்கியது இந்த இரண்டு சொற்கள்தான். நிலம், நிலம், கட்டு, கட்டு என்று ஒரு கோட்டுக்காரர் மேடையில் நின்று சொன்னால் யார் முகம்தான் வெளிறாது?

ராஜரத்தினம் அவளையே பார்த்தார். இன்னும் கொஞ்சம் பார்த்தார். பிறகு அவருக்குள் ஏதோ ஒன்று, வாரக்கணக்காக இறுக்கிக் கட்டியிருந்த கயிறு, அப்படியே அவிழ்ந்து விழுந்தது. இவர்களுக்குத் தமிழ் தெரியாது. இருநூறு பேரில் ஒருவருக்கும் தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக, தமிழர்கள் மத்தியில் தமிழில் தாமே பண்டிதர் என்கிற பெருமை அவருக்குக் கிடைத்தது. அதை உடனே துறந்தார்.

"நிலத்தைப் பத்தி நான் பேசவே இல்ல, அம்மா" என்றார் மலாயில். ஈப்போ தெருக்களில் பந்தடித்துக் கற்ற மலாய். மூச்சு வாங்கவில்லை. "யாரும் எதையும் கட்ட வேண்டாம். நீங்க எங்க பொறந்தீங்க?"

"இதே தெருவுல. எங்கம்மாவும் இதே தெருதான். எங்க போகச் சொல்றீங்க?"

"எங்கேயும் போக வேண்டாம். நீங்க இந்த நாட்டுப் பிரஜைதான். நாளைக்கும் பிரஜைதான். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"இதுக்கு எதுக்கு அவ்வளவு கஷ்டப்பட்டீங்க? வேர்த்துக் கொட்டுதே" என்றாள் சீதா. கொட்டகை சிரித்தது. ராஜரத்தினமும் சிரித்தார். அவர் பயந்துகொண்டிருந்த சிரிப்பு வந்தேவிட்டது. வந்தபிறகு பார்த்தால் அதில் பயப்பட ஒன்றுமில்லை.

பிறகு கேள்விகள் கொட்டின. சிங்கப்பூரில் பிறந்த தன் மருமகன் என்ன செய்வது என்று சீதா கேட்டாள். பிறப்புச் சான்றிதழைக் கரையான் அரித்துவிட்டால்? கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு மேடை விளிம்பில் உட்கார்ந்து பதில் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார், பார்த்துச் சொல்கிறேன் என்றார். சங்கத்து வக்கீல் ஒருவர் பொது இடத்தில் தெரியாது என்று சொன்னது அநேகமாக அதுதான் முதல் தடவை.

கூட்டம் கலைந்ததும் துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். இந்த நாட்டில் அத்தனை வருஷம் இருந்தும் கோப்பி கொண்டா, கார் கொண்டா என்பதற்குமேல் மலாய் தேவைப்படாத மனிதர்.

"அற்புதம், ராஜரத்தினம். முதல் பாதி கம்பீரம். பின்பாதி ஒரே கலகலப்பு. இரண்டும் வேறு மாதிரி ஒலித்ததே, ஏன்?"

"முதலில் பேசியது இலக்கிய வழக்கு, சார்."

"பின்னால்?"

"பேச்சு வழக்கு."

"என்ன வளமான மொழி" என்றார் துரை உருகி. "தாய்மொழியில் பேசினால்தான் மக்கள் மனம் திறக்கிறார்கள். நான் அப்போதே சொன்னேன். என் இடத்துக்கு யார் என்பதில் இனி எனக்குச் சந்தேகமில்லை."

அவர்கள் தாய்மொழியில்தான் பேசினேன், அதில் பொய்யில்லை என்று ராஜரத்தினம் தம் மனச்சாட்சியோடு சமரசம் செய்துகொண்டார். மனச்சாட்சியும் வக்கீல் வீட்டில் வளர்ந்ததுதானே, வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டது.

துரையின் கார் போனபிறகு அப்பாசாமி பிள்ளை தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார்.

"துவான், ஒரு உதவி" என்றார் மலாயில். "எங்க ஆளுங்களுக்குத் தமிழ் வராதுன்னு டவுனுல சொல்லிடாதீங்க. சாமி கும்பிடுற பாட்டு எல்லாம் மனப்பாடமா வரும். அர்த்தம் கேட்டா முழிப்போம். மத்த தமிழருங்க ஏற்கெனவே கேலி பண்றாங்க. துவான் தமிழ்ல பேச வராருன்னதும் எனக்குத் தூக்கமே போச்சு. எங்க தட்டணும்னு கூடத் தெரியாம, துவான் மூச்சு வாங்குற இடத்துல எல்லாம் கைக்குட்டையைத் தூக்கிட்டேன். சரியான இடந்தானா?"

ராஜரத்தினம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எனக்கு மறந்துபோன இடம், பிள்ளை. எல்லாமே."

அப்பாசாமி பிள்ளைக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. விளங்கியதும் தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டு கொட்டகை பெஞ்சியில் பொத்தென்று உட்கார்ந்தார். சிரிப்பில் தோள்கள் குலுங்கின. ராஜரத்தினமும் பக்கத்தில் சாய்ந்தார். சீதா ஒரு தட்டில் பலகாரம் கொண்டுவந்து இருவருக்கும் நடுவில் வைத்துவிட்டு, மருமகனைக் கூட்டிவரப் போனாள்.