வகுப்பின் முதல் பெயர்

என் அக்கா சல்கினுக்குக் கணக்கு டீச்சர் வேலை கிடைக்க இருந்தது. யாரும் தடுக்கவில்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான். தடுத்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

என்னைவிட அவள்தான் கெட்டிக்காரி. எனக்கு வகுத்தல் சொல்லிக்கொடுத்ததே அவள். ஆசிரியர் பயிற்சி முடித்த கையோடு நாரின் பக்கம் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். நான் தலைநகர் பிஷ்கெக் போய் உளவியல் படித்தேன். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரி ஆனேன். வாழ்க்கைக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்வதுதான் மன ஆரோக்கியம் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்கள். அப்படிப் பார்த்தால் அக்காவைப் போல ஆரோக்கியமானவள் அந்த மாவட்டத்திலேயே கிடையாது. எல்லோருக்கும் முன்னால் எழுந்து எல்லோருக்கும் பிறகு சாப்பிடுகிறாள். கேட்டால், எனக்கு இதுதான் சரிப்படும் என்பாள்.

நான் விடாமல் நச்சரித்ததில், அக்கா வாழ்க்கைப்பட்ட ஊர்ப் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை ரக்கியா ஒரு வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னார்.

ஒரு சிக்கல் இருந்தது. எங்களில் மருமகள் மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டாள். அக்காவின் மாமனார் பெயர் அசன்குல். அந்த வகுப்பில் வேறு ஒரு அசன்குல்லின் மகள் படித்தாள். ஆஜர் எடுக்கும்போது 'அசன்குல் மகள் மேரிம்' என்று கூப்பிட வேண்டும். பட்டியலில் முதல் பெயரே அதுதான்.

முந்தின நாள் அக்கா வீட்டில் சாப்பிடும்போது நானே இதைப் போட்டு உடைத்தேன். கிழவர் ரொட்டியைப் பிய்த்தபடி சிரித்தார்.

"தாராளமா சொல்லும்மா. என் பல்லு ஒண்ணும் கொட்டிடாது. இருக்கறதே நாலு."

தான் இவருக்கு வைக்காத பட்டப் பேரா என்று மாமியார் கேட்டார். அக்காவும் சேர்ந்து சிரித்தாள். முடிந்தது பிரச்சினை என்று நினைத்தேன்.

மறுநாள் கடைசி பெஞ்சில் ரக்கியாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்கா பட்டியலிலிருந்து நிமிர்ந்து பார்த்தாள். "மேரிம்" என்றாள். இரண்டு பெண்கள் எழுந்து நின்றார்கள்.

"எந்த மேரிம், டீச்சர்?"

"ஜன்னல் பக்கம் இருக்கறவ."

"ரெண்டு பேருமே ஜன்னல் பக்கந்தானே."

வகுப்பே சிரித்தது. முழுப் பெயராகக் கூப்பிடுங்கள் என்று ரக்கியா மெதுவாகத்தான் சொன்னார். அக்காவின் கை தலைத்துணியைத் தேடிப் போனது. உதடு அசைந்தது. பிறகு சாக்பீஸை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

ரக்கியா நல்லவர். திங்கட்கிழமை திரும்ப வரட்டும், ஆஜரை நானே எடுத்துவிடுகிறேன் என்றார். ஓடிப்போய் பாதையில் அக்காவைப் பிடித்துச் சொன்னேன். அவள் நடையைக்கூடக் குறைக்கவில்லை.

"நாளைக்கு வேற ஒண்ணு வரும்டி, புருல். அதுக்கும் ஆள் வெப்பாங்களா?"

"வந்தா பாத்துக்கலாம். உன் மாமனாரே சொல்லச் சொல்லிட்டார். அப்புறம் உனக்கென்ன கேடு?"

"அதுல தப்பில்லைன்னு அவர் நம்பறார், நீ நம்பற. நான் நம்பணுமே."

இங்கே யாருமில்லை, ஒரு தடவை சொல்லிப் பார் என்றேன். கெஞ்சவில்லை, கத்தினேன். அவள் நின்று வாயைத் திறந்தாள். குளிரில் மூச்சு மட்டும் புகையாக வந்தது.

"நீ வேற மாதிரிப் பொறந்தவ. விட்டுடு."

யாரும் அப்படிப் பிறப்பதில்லை என்று நான் படித்ததையெல்லாம் கொட்டினேன். தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள், நான் ஏதோ வெளிநாட்டுச் செய்தி வாசிப்பது போல.

வீட்டுக்கு வந்ததும் மாவு பிசைய உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். அந்த வாரம் முழுக்க அவள் முகத்தில் அப்படியொரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. அழுதிருந்தால் தாங்கியிருப்பேன்.

சாயங்கால வண்டிக்கே கிளம்பிவிட்டேன். மாமியார் வாசல்வரை வந்து, வழிக்கு ரொட்டி கொடுத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"நாங்க வேண்டாம்னு ஒண்ணும் சொல்லலியே, பாத்தல்ல?"

"பாத்தேன்" என்றேன்.