பேர் மட்டும்

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் மேசைமேல் படம் போட்ட அட்டைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். கத்தரிக்கோல், குடை, ஏணி. அவர் தயங்காமல் சொல்லிக்கொண்டே வந்தார். அடுத்தது ஒரு பூ. அதையும் பட்டென்று சொன்னார். பக்கத்து நாற்காலியில் இருந்த அவர் மனைவிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அது அவளுடைய பெயர்.

"நல்லா சொல்றீங்க சார். சரி, இவங்க யாரு?"

"என் வீட்டுக்காரி."

"அவங்க பேரு?"

அவர் மனைவியைப் பார்த்தார். உதடு அசைந்தது, மூச்சு மட்டும் வந்தது. "தெரியும்மா. தெரியாம என்ன? வாய்க்கு வரல."

"இப்பத்தானே சொன்னீங்க! பூவத் தெரியுது, என்னத் தெரியலயா?" அவள் குரல் அந்தச் சின்ன அறைக்கு அதிகமாகவே இருந்தது.

"கோவிச்சுக்காதீங்கம்மா," என்றாள் அந்தப் பெண். "பக்கவாதம் வந்த சில பேருக்கு இப்படி ஆகுறதுண்டு. குடைன்னா அதுக்கு ஒரு அர்த்தம் இருக்கு. மழை, கம்பி, துணின்னு எந்தப் பக்கம் போனாலும் மூளை அந்த வார்த்தையப் பிடிச்சிடும். பேருக்கு அப்படிக் கிடையாது. உங்களுக்குப் பூவோட பேர் இருக்கலாம், ஆனா நீங்க பூ இல்லையே. அந்தப் பேருக்கு நீங்க மட்டும்தான் அர்த்தம். ஒரே ஒரு வழி. அது அடைச்சுக்கிச்சு."

கேட்க நன்றாகத்தான் இருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அவளுக்கு அதுவே எரிச்சலாக மாறிவிட்டது. கை கால் தப்பித்தது, புத்தி தப்பித்தது, போனது இது ஒன்றுதானா?

பக்கவாதத்துக்கு முன் அவர் பஸ் நிலையத்தில் அறிவிப்பாளர். மைக்கைப் பிடித்தால் ஊர்ப் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரிசை தப்பாமல் வந்து விழும். இப்போது அந்த இடத்தில் பதிவு செய்த ஒரு பெண்குரல் பேசுகிறது. அவரை, பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைக்கும் அறையில் உட்கார வைத்துவிட்டார்கள். பை, டிபன் பாக்ஸ், ஒற்றைச் செருப்பு என்று எல்லாவற்றையும் அவரால் சொல்ல முடிந்தது. வெளியே எந்த ஊர் பஸ் நிற்கிறது என்று யாராவது கேட்டால் மட்டும் எழுந்துபோய்க் கையைக் காட்டினார்.

வீட்டில் பேச்சு விடுகதை ஆகிவிட்டது. "அவன் வந்திருந்தான்" என்பார். எவன் என்றால், "அதான், மீசை. மாடிப்படியில விழுந்தானே." அவள் ஒவ்வொரு மீசையாக நினைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க லென்ஸ் தேய்த்துவிட்டு வந்து இதுவும் செய்தால் தலை விண்விண்ணென்று தெறிக்கும். மகள் போன் செய்யும்போது ஒரு கஷ்டமும் இல்லை. அவள் பிறந்ததிலிருந்தே பாப்பாதான். 'பாப்பா' அவர் வாயில் அப்படியே இருந்தது.

தன் பெயர் போனது ஏன் இவ்வளவு வலிக்கிறது என்று அவளுக்கே பிடிபட நாளாயிற்று. பிறந்த வீட்டில் அவள் 'சின்னவ'. மாமியாருக்கு 'இந்தாம்மா'. மகளுக்கு அம்மா, கடைப் பெண்களுக்கு அக்கா, முதலாளிக்கு 'கவுண்டர்ல யாரும்மா?'. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டவர் இவர் ஒருவர்தான். அதுவும் சுருக்காமல், ஒரு எழுத்தை விழுங்காமல், பஸ் புறப்படப்போவதைச் சொல்கிற மாதிரி. "பக்கத்து வீடெல்லாம் கேக்குது, மெதுவா" என்று அவள் எத்தனையோ தடவை சலித்துக்கொண்டிருக்கிறாள்.

பூப் படத்தைக் காட்டினால் அவர் பட்டென்று சொல்வார். ஆனால் அது கூப்பிடுவது ஆகாது. மறு நிமிஷம் தண்ணீர் வேண்டுமென்றால், "ஏம்மா" என்பார். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு டம்ளரை நீட்டுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் துணி பிழிந்துகொண்டிருந்தபோது கூடத்திலிருந்து அந்தப் பழைய குரல் எழுந்தது. ஒரு பெயர். கணீரென்று, இனிஷியலோடு. ஈரக் கையோடு ஓடினாள். அவர் முகமெல்லாம் சிரிப்பாக மறுபடி சொன்னார். அவர் தம்பியின் பெயர்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படுக்கையில் விழுந்த தாயை ஒரு பெட்டியோடு இவர்கள் வாசலில் இறக்கிவிட்டு, "கொஞ்ச நாள்தான் அண்ணி" என்று போனவன் அவன். அந்தக் கொஞ்ச நாள் கடைசிவரைக்கும் நீண்டது. துடைத்தது, புரட்டிப் படுக்க வைத்தது, ஊட்டியது எல்லாம் இவள். எல்லாம் முடிந்தபிறகு "ஒரு தடவையாவது வந்து பாத்தியாடா?" என்று அண்ணன் கேட்ட ஒரே கேள்விக்குக் கோபித்துக்கொண்டு போனவன், அண்ணன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை.

"உலகத்துல வேற பேரே கிடைக்கலயா உங்களுக்கு?"

"வந்துச்சுல்ல?" என்றார் அவர், பரிசு வாங்கியவர் போல. "தானா வந்துச்சு!"

போனில் பயிற்சிப் பெண் அதைவிடச் சந்தோஷப்பட்டாள். அதையே தினமும் சொல்ல வையுங்கள், முடிந்தால் தம்பியை நேரில் வரச் சொல்லுங்கள் என்றாள். எனவே அவள் தினமும் காலையில் காபியோடு, தனக்கு ஆகாதவன் படத்தை நீட்டி, "இது யாரு?" என்று கேட்டாள். அவரும் தினமும் கணீரென்று சொன்னார். ஒரு நாள் அவர், "அவன வரச்சொல்லேன்" என்றபோது, அவளே போன் செய்தாள்.

தம்பி அடுத்த வாரமே வந்தான். தலை நரைத்து, ஒரு பக்கம் சாய்ந்து நடந்தான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அழுதான். "என் பேரச் சொல்றாராமே அண்ணி" என்றான்.

அண்ணன் எழுந்து நின்றார். "வாடா," என்றார். "வா... வாடா..." தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டார், குலுக்கினார். அவ்வளவுதான். பெயர் வரவில்லை. தம்பி முகம் தொங்கிப் போயிற்று.

அவளுக்குச் சிரிப்பு வந்தது, உடனே அழுகையும் முட்டியது. இதற்கா தினமும் அவன் படத்தைத் தூக்கிக்கொண்டு நின்றாள்? சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை வேண்டுமென்றே சத்தமாக வைத்தாள். தம்பி பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றான்.

"என் பேரு கிடக்கட்டும் அண்ணி. உங்க பேரச் சொல்றாரா?"

"இல்ல."

"நான் சொல்லித்தரேன். சின்ன வயசுல எனக்குத் திக்குவாய். அண்ணந்தான் உக்காரவெச்சு ஒவ்வொரு வார்த்தையா பழக்குனாரு." அவன் கொஞ்சம் தயங்கினான். தரையைப் பார்த்தான். "உங்க பேரு... என்ன அண்ணி?"

அவள் கையிலிருந்த கரண்டி நின்றது. இவன் தாய்க்கு அத்தனை நாள் ஊட்டிய கை அது. நாக்கில் ஏதேதோ வந்தது. அவன் காது சிவந்திருந்தது. பதில் வராமல் நகர மாட்டான் போலிருந்தது.

அவள் சொன்னாள். தன் வாயால் தன் பெயரைச் சொல்லி எவ்வளவு காலமோ. கடைசி எழுத்தில் குரல் கரகரத்தது, தொண்டையைச் செருமி இன்னொரு தடவை சொன்னாள்.

அவன் கூடத்துக்குப் போய் அண்ணனுக்கு எதிரே, முட்டியோடு முட்டி இடிக்க உட்கார்ந்தான். அந்தப் பெயரை மெதுவாக, வாயை அகலத் திறந்து சொன்னான். மறுபடி சொன்னான். "பூவ நெனைக்காதீங்கண்ணே, அண்ணியக் கூப்பிடுங்க" என்றான். அண்ணன் தம்பியின் உதடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய உதடுகள் முதல் எழுத்துக்காக ஒட்டிக்கொண்டன. கழுத்து நரம்பு புடைத்தது. தம்பி சொல்வதை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்தபடி, தன் உதடுகளையும் அதேபோல ஒட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தான்.