ஒன்பது நாள் எடை

காலை ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும். என் மனைவி எழுந்து கழிவறைக்குப் போவாள். நான் எடை மெஷினைச் சுவரோரத்திலிருந்து இழுத்து, தரை சமமாக இருக்கும் இடத்தில் வைப்பேன். அவள் வெறும் வயிற்றோடு, செருப்பில்லாமல் ஏறி நிற்பாள். எண்ணை அவள் வாசிக்க, நான் நோட்டில் எழுதுவேன். பிறகு அவள் பாதத்தைக் கட்டைவிரலால் அழுத்தி, வீக்கத்தில் குழி விழுகிறதா என்று பார்த்து அடுத்த கட்டத்தில் குறிப்பேன். பிறகு மாத்திரை. அன்றைக்கு அவள் குடிக்கக்கூடிய ஒன்றரை லிட்டர் தண்ணீரைப் பாட்டிலில் அளந்து வைப்பேன். ஏழேகாலுக்கு நான் குளிக்கப் போவேன்.

"எழுதுங்க குமாஸ்தா" என்பாள். மற்ற நேரமெல்லாம் எனக்கு நீ, வா, போதான். மெஷின் மேல் நிற்கும்போது மட்டும் மரியாதை.

அவளுக்கு இதயத் தசை தளர்ந்துபோயிருந்தது. முப்பது வயது. மாற்று இதயம் வைப்பதுதான் வழி. ஆனால் நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களில் அழுத்தம் மிக அதிகம். புதிதாக வைக்கும் இதயம் அந்த அழுத்தத்தைத் தாங்காது என்றார் டாக்டர். அது இறங்கினால் காத்திருப்போர் பட்டியலில் அவள் பெயர் ஏறும். இல்லாவிட்டால் ஏறாது.

அந்த அழுத்தத்தை இறக்க ஒரு புது மாத்திரையை அப்போது சோதித்துக்கொண்டிருந்தார்கள். இருபத்து நான்கு வாரச் சோதனை. அவளும் அதில் சேர்ந்தாள். பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. யாருக்கு எது என்று கொடுக்கிற நர்ஸுக்கும் தெரியாது. கடைசி நாளில் கழுத்து வழியாகக் குழாய் செலுத்தி அழுத்தத்தை அளப்பார்கள்.

நோட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் ஒரு விதி இருந்தது. மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே ஃபோன் செய்ய வேண்டும். உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம். அது நோயாலும் இருக்கலாம், மாத்திரையாலும் இருக்கலாம்.

எங்களோடு சேர்ந்த பஸ் டிரைவர் ஒருவர் அப்படி ஃபோன் செய்தார். மாத்திரையை நிறுத்தி, அவரைச் சோதனையிலிருந்தே எடுத்துவிட்டார்கள்.

"அந்த மனுஷன் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்" என்றாள் அவள், வீடு திரும்பும் வழியில்.

சோதனை முடிய மூன்று வாரம் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை காலை மெஷின் மேல் நின்றவளின் கை துண்டு போடும் கம்பியில் இருந்தது. இரண்டு விரல்தான்.

"கையை எடு."

"எடுத்தா விழுந்துடுவேன். அம்பத்தொண்ணு நாலு. எழுதுங்க குமாஸ்தா."

எழுதினேன். மறுநாள் அவள் மெஷின் பக்கமே வரவில்லை.

"நேத்து என்ன?" என்று கேட்டாள்.

"அம்பத்தொண்ணு நாலு."

"ஒரே ராத்திரியில நான் என்ன யானையாவா ஆயிடப் போறேன்? அதையே போடு."

"ஃபோன் பண்ணிடலாமே."

"பண்ணு. பண்ணிட்டு, வரும்போது கடையில எனக்கு ஒரு இதயம் வாங்கிட்டு வா."

நான் ஃபோனை எடுக்கவில்லை.

மூன்றாம் நாள் அவளே சொன்னாள்: "தினமும் ஒரே நம்பர் போட்டா சந்தேகம் வரும். இன்னிக்கு அம்பத்தொண்ணு மூணு போடு. நாளைக்கு அஞ்சு." அப்படியே போட்டேன். அவள் என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தாள், அவளுடையது ஏறவில்லை. பாதத்தை அழுத்திப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். 'குழி இல்லை' என்று எழுதினேன். ஒன்பது நாள்.

பத்தாம் நாள் காலை அவளால் மூச்சு விட முடியவில்லை. ஆம்புலன்ஸில் போனோம். மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

இரண்டு வாரம் கழித்து ஆராய்ச்சி நர்ஸ் வீட்டுக்கு வந்தார். நோட்டையும் மிச்ச மாத்திரைகளையும் வாங்கிப்போக வேண்டும். சாவுக்கு வந்த என் மாமியார் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை. நர்ஸ் மாத்திரைகளைத் தட்டில் கொட்டி எண்ணினார். சரியாக இருந்தது. நோட்டைப் புரட்டினார்.

"இவ்வளவு சுத்தமா யாரும் எழுதினதில்ல சார்."

"என் பொண்ணு ஒரு நாள்கூட விட்டதில்ல" என்றார் அத்தை. "மாப்பிள்ளையும் அப்படித்தான். கூடவே நின்னு பார்த்துக்கிட்டார்."

"ஒண்ணு மட்டும் இடிக்குது" என்றார் நர்ஸ். "ஆஸ்பத்திரியில படுக்க வச்சே எடை பார்க்கற மெஷின்ல அம்பத்தஞ்சு ஆறு. காலையில அம்பத்தொண்ணு நாலுன்னு நீங்க டாக்டர்கிட்ட சொல்லியிருக்கீங்க. அதனால படுக்கை மெஷின் தப்புன்னு குறிச்சிருக்காங்க. அப்படியே முடிச்சுடலாம். நீங்க ஒரு கையெழுத்து போட்டா போதும்."

பேனாவை நீட்டினார். வாங்கிக்கொண்டேன்.

"இந்த மாத்திரையை இன்னும் குடுக்கறீங்களா?" என்று கேட்டேன்.

"குடுக்கறோம் சார். அடுத்த வாரம் இன்னும் நாப்பது பேர் சேர்றாங்க. வீக்கம் வந்தவங்க ரொம்பக் கம்மி. அதுதான் எங்களுக்குத் தைரியம்."

அத்தை காபித் தம்ளர்களை எடுக்கக் குனிந்தார். அவர் உள்ளே போகும்வரை காத்திருந்திருக்கலாம். காத்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன்.

"கடைசி ஒன்பது நாள் பொய்" என்றேன். "எடை பார்க்கல. கால் வீங்கியிருந்தது. எனக்குத் தெரியும்."

நர்ஸ் நோட்டை மூடவில்லை. ஒன்பது வரிகளையும் மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தார்.

"நிஜமான எடை என்னன்னு தெரியுமா?"

"தெரியாது."

"உங்க கையெழுத்துதானே இது? அப்ப நீங்கதான் அடிக்கணும். ஒரே கோடு. கீழே இருக்கறது படிக்கிற மாதிரி தெரியணும். கிறுக்கி மறைக்கக் கூடாது. பக்கத்துல 'எடை பார்க்கவில்லை'ன்னு எழுதி, இன்னிக்குத் தேதி, கையெழுத்து."

ஒன்பது கோடு போட்டேன். ஒவ்வொன்றின் கீழேயும் எண் நன்றாகத் தெரிந்தது. 'குழி இல்லை' என்று எழுதியதையும் அடித்தேன்.

"அவளுக்குக் குடுத்தது மருந்தா, வெறும் மாத்திரையா?"

"எனக்குத் தெரியாது சார். சோதனை முடிஞ்சப்புறம் கேட்டா சொல்வாங்க. வெறும் மாத்திரையாகூட இருக்கலாம்."

"முதல் நாளே ஃபோன் பண்ணியிருந்தா?"

அவர் பேனாவை வாங்கி மூடினார். "நீர் இறங்க ஊசி போட்டிருப்போம்" என்றார். நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

அத்தை தம்ளர்களோடு அதே இடத்தில் நின்றிருந்தார்.

"கால் வீங்கினதைப் பார்த்துக்கிட்டே இருந்தீங்களா?"

"ஆமா அத்தை."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் அவ காதைத் திருகி இழுத்துட்டுப் போயிருப்பேனே."

இழுத்துப் போயிருப்பார். அதனால்தான் சொல்ல வேண்டாம் என்றாள் அவள்.

அவர் உட்கார்ந்தார். தம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டுக் கேட்டார்: "கடைசியா 'அம்மாவைப் பார்த்துக்கோ'ன்னு சொன்னதா சொன்னீங்களே. அதுவும் நீங்களா எழுதினதுதானா?"

"ஆமா."

"அப்ப என்னதான் சொன்னா?"

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்கள். நான் கூடவே ஓடினேன். அவள் ஆக்ஸிஜன் முகமூடியை ஒரு விரலால் விலக்கினாள். என்னைக் குனியச் சொல்லிக் கையைக் காட்டினாள். இரண்டு நிமிடத்தில் டாக்டர் வந்து கேட்டபோது, அவள் சொன்னபடியே சொன்னேன். அதன் பிறகு அவள் பேசவில்லை.

அத்தையிடம் ஒரு எழுத்துக் குறைக்காமல் சொன்னேன்.

"எடை கேட்டா அம்பத்தொண்ணு நாலுன்னே சொல்லு. முடியப் பன்னெண்டு நாள்தானே இருக்கு."