பட்டாபியின் காக்பிட்

2007-இல் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் முழுவதிலும் இன்டர்நெட்டில் சொந்த முகப்புப் பக்கம் வைத்திருக்கும் ஒரே தமிழன் தான்தான் என்பது பட்டாபியின் நம்பிக்கை. திறந்தால் கட்டம் கட்டமாகப் பெட்டிகள்: கொல்கத்தா நேரத்துக்கு ஒரு கடிகாரம், சென்னை நேரத்துக்கு இன்னொன்று (இரண்டும் ஒரே மணிதான் காட்டும்), ராகுகாலம், ஓரத்தில் மஞ்சளாக ஒரு குறிப்புப் பெட்டி. அரசு நிறுவனம் ஒன்றில் துணை மேலாளர்; பேச்சில் மட்டும் சேர்மன். அந்தப் பக்கத்தைக் "காக்பிட்" என்றுதான் சொல்வார்.

வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு. காபியோடு காக்பிட்டில் அமர்ந்தால், ராகுகாலத்தைக் காணோம். அங்கே ஃபுட்பால் ஸ்கோர் உட்கார்ந்திருந்தது. பதறிப்போய் மறுபடி திறந்தார். சென்னைக் கடிகாரமும் போயிருந்தது.

"வசு! கம்ப்யூட்டருக்குள்ள என்னமோ பூந்துடுத்து!"

"எலியா? பொறி பரண்ல இருக்கு, எடுத்துக்கோங்கோ" என்றாள் மனைவி வசுமதி அடுப்படியிலிருந்து.

அப்போதுதான் நினைவு வந்தது. நேற்று மாலை ஜிஎம் சான்யாலின் அறையில், "ஒரே பக்கத்தில் உலகம், சார்" என்று பீற்றிக்கொண்டு, அவருடைய கம்ப்யூட்டரிலேயே தன் பாஸ்வேர்டைப் போட்டுத் திறந்து காட்டினார். டீ வந்தது. குடித்தார். லாக்-அவுட் செய்யாமலே வந்துவிட்டார்; இனி அங்கே நகர்த்தினால் இங்கேயும் நகரும். சான்யால் அதை ஆபீஸ் தனக்குத் தந்த வசதி என்று எண்ணி, காலையிலிருந்து சாமான்களை நகர்த்திக்கொண்டிருக்கிறார்!

கடிகாரம் போனால் போகட்டும். அந்த மஞ்சள் பெட்டி! இரண்டு நாள் மேனேஜ்மென்ட் பயிற்சிக்குப் போய்வந்த வேகத்தில், அதில் 'மனிதர்களைக் கையாளும் முறை' எழுதி வைத்திருந்தார். தமிழில்தான், கொல்கத்தாவில் எவன் படிக்கப்போகிறான்? முதல் வரி: 'சான்யால்: எந்த யோசனையையும் மூன்று தடவை சொன்னால் போதும், தன்னுடையது என்று நம்பிவிடும் மண்டை.'

அந்த மண்டையின் மேஜையில்தான் டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் இருக்கிறது. அதில் இருக்கும் தன் பெயர் அப்படியே நின்றுவிட்டால், மகள் சுபிக்ஷாவின் பன்னிரண்டாம் வகுப்பு நடுவில், பள்ளிக்கூடமே இல்லாத சுரங்கத்து ஊர்.

மஞ்சள் பெட்டியைத் திறந்தார். கடைசியில் ஆங்கிலத்தில் ஒரு புது வரி: 'இது என்ன பாஷை? செல்வராஜைக் கேட்க வேண்டும்.'

ஸ்டெனோ செல்வராஜ் இங்கேயே டாலிகஞ்சில் பிறந்தவன். வங்காளம் பொழிவான், தமிழ் பேச்சோடு சரி, எழுத்து தெரியாது. பட்டாபிக்கு மூச்சு வந்தது. மறுகணமே நின்றது. போன பொங்கல் விழா மேடையில் நாற்பது நிமிஷம் தாய்மொழிக்காகக் கர்ஜித்து, எழுத்தறியாத செல்வராஜை மேடையேற்றித் தலைகுனிய வைத்து, ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் சேர்த்துவிட்டவர் யார்? இவரேதான். கைதட்டல்கூடக் கிடைத்தது.

எல்லாவற்றையும் அழித்தார். ஒரு ஸ்ரீராமஜெயம் எழுதி, மீதி நூற்றேழைக் காப்பியடித்து ஒட்டினார். பிறகு போன்.

"செல்வராஜ், அந்த ஞாயித்துக்கிழமை கிளாஸுக்கெல்லாம் நீ ஒழுங்கா போயிருக்க மாட்டியேப்பா?"

"ஒரு வாரம்கூட விடலை சார். எல்லாம் உங்க ஆசீர்வாதம்."

"ஜிஎம்... கூப்பிட்டாரா?"

"கூப்பிட்டார். எழுத்துக் கூட்டிப் படிச்சேன். நான் முழுசாப் படிச்ச முதல் தமிழே அதுதான் சார். நாலாவது வரி என்னைப் பத்தி."

நாலாவது வரி: 'செல்வராஜ்: முட்டாள். தட்டிக்கொடுத்தால் வேலை நடக்கும்.'

"அவர்கிட்ட என்ன சொன்னே?"

"துர்கா ஸ்தோத்திரம், நீங்க எழுதி வெச்சதுன்னு சொன்னேன். இந்த ஊர்ல வேற எதைச் சொன்னா தப்பிக்க முடியும்? பக்திமான்னு சொல்லி, லிஸ்ட்ல உங்க பேரைப் பென்சிலால அடிச்சிட்டார்."

"தெய்வம்ப்பா நீ! நானும் அதை அழிச்சுட்டேன்."

"கம்ப்யூட்டர்லதானே சார்? அவர் பிரிண்ட் எடுத்து மேஜைக் கண்ணாடிக்கு அடியில வெச்சு, தொட்டுத் தொட்டுக் கும்பிடறார். லிஸ்ட்ல கையெழுத்துப் போடத் திங்கக்கிழமை டைரக்டர் வர்றாராமே, வெங்கட்ராமன் சார், மெட்ராஸ்லேர்ந்து? அவருக்குக் காட்டணும்னு ஒரே ஆசை."

"அதை உருவிடுப்பா... நீ எனக்குத் தம்பி மாதிரி."

"நான் முட்டாள் சார். கைதவறிக் கண்ணாடியை உடைச்சிடுவேன்."

போன் அணைந்தது. திரையில், சென்னைக் கடிகாரம் இருந்த இடத்தில் சான்யால் புதிதாக ஒரு பெட்டியை வைத்திருந்தார். 'டைரக்டர் வருகைக்கு இன்னும் 2 நாள் 22 மணி 14 நிமிடம்.'

பட்டாபி பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதினான்கு பதின்மூன்றாயிற்று.